சாலையைப் பார்த்து நின்ற வால்

ஒரு காற்றாடியைப் பழுதுபார்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டு மாத காலம் அதன் பின்பக்கத்தையே முன்பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பேருந்துக்குப் பெயர்ப்பலகை எங்கே இருக்கிறதோ அதுதான் முன்பக்கம். அந்த நியாயத்தில், முப்பதடி உயரத்தில் அகலமான தகடு ஒன்று தனியாக நீட்டிக்கொண்டு நின்றால் அதுதான் முகம் என்று எனக்குத் தோன்றியது. முகம் காற்றை எதிர்கொள்ளும், சக்கரம் அதன் முதுகுக்குப் பின்னால் அடக்கமாகச் சுற்றும் என்று மனைவிக்கு விளக்கினேன். சாப்பாட்டு மேசையில் தட்டைச் சக்கரமாகவும் தோசைத் திருப்பியை முகமாகவும் வைத்து விளக்கினேன். அவள் திருப்பியைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கருத்து வேறுபாடு ஒன்றும் இல்லை. கல்லில் தோசை கிடந்தது.

இத்தனைக்கும் நான் காற்றைப் பற்றிப் படித்தவன். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்குக்குக் கொண்டல், மேற்குக்குக் கோடை என்று நான்கு திசைக்கும் பெயர் வைத்த மொழியில் பிறந்து, நான்கையும் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதி மதிப்பெண் வாங்கியவன். ஆனால் மொட்டைமாடியில் நிறுத்தி, இப்போது வீசுவது எது என்று கேட்டால், கொடியில் காயும் லுங்கி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பேன். லுங்கி காயாத நாட்களில் எனக்குக் காற்றே கிடையாது.

தொழிலும் உதவவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் சேதக் கோப்புகளைப் படிப்பது என் வேலை. எது எப்படி உடைந்தது என்று இருபத்தைந்து வருடமாகப் படித்துவருகிறேன். உடைந்த எதையும் திருப்பிச் சேர்த்ததில்லை. வீட்டில் மின்விசிறி நின்றால்கூட அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசிப்பேன். யோசனை முடிவதற்குள் மனைவி எலக்ட்ரீஷியனை வரவழைத்திருப்பாள்.

காற்றாடி அவளுடைய நிலத்தில் நின்றது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஊத்துக்கோட்டைப் பக்கம் போகும் வழியில், அவள் அப்பா விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர். நாங்கள் மீஞ்சூரில் இருப்பதால் நிலத்தை ஓர் அம்மாளிடம் குத்தகைக்கு விட்டிருந்தோம். அவரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் மல்லிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். என்னைவிட நான்கைந்து வயது இளையவர், ஆனால் என்னோடு பேசும்போது பொறுமையான மூத்தவரைப் போலத்தான் பேசுவார். நிலத்தில் பாதிக்கு மேல் மல்லிச் செடி. ஒவ்வொரு செடியும் அவர் கையால் நட்டது.

கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதை மேலே கொண்டுவரத்தான் வழியில்லை. மின் இணைப்புக்கு நாங்கள் கொடுத்த விண்ணப்பம் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. நின்று நின்று அதற்கு முட்டி தேய்ந்திருக்கும். அதுவரை பக்கத்து நிலத்துக்காரர் தம் டீசல் இன்ஜினை வாடகைக்குக் கொடுத்துவந்தார். அந்தக் கோடையில் அவர் நிலத்தை வீட்டுமனை போடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டு இன்ஜினோடு ஊரைவிட்டுப் போனார். மல்லிக்காரம்மா குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். அரை ஏக்கருக்கும் அதிகமான செடிக்குக் குடத்தில் ஊற்றுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அவர் முழங்கால்களுக்குத் தெரியும்.

"இன்னா சார், நான் ஒடச்சே சொல்லிடறேன்" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூப்பறித்துக்கொண்டே. "கும்முடிபூண்டி கம்பெனில கேண்டீன் வேலைக்குக் கூப்டுறாங்க. நம்ம ரோட்டுக்கே வேனு வருது. நின்னுக்கினு செய்ற வேலதான், ஆனா நெழல்ல நிக்கலாம். ஆடி பொறக்கறதுக்குள்ள தண்ணிக்கு ஒரு வழி பண்ணீங்கன்னா செடியோட கெடக்கறேன். இல்லாங்காட்டி வேன்ல ஏறிப் பூடுவேன். அப்பால வந்து என்னாண்ட கோச்சிக்கக் கூடாது."

"செடியெல்லாம்?"

"செடி இன்னா பண்ணும், காயும்."

சொன்னவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் பேசும்போதே அவர் விரல்கள் ஒரு செடியின் தூரைச் சுற்றி மண்ணை அணைத்துக்கொண்டிருந்தன. போகிறவர் செய்கிற காரியம் அல்ல அது. அவர் போனால் அடுத்து வருகிறவர் முதலில் பிடுங்கி எறியப்போவது மல்லியைத்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சோலார் போட்டுவிடலாமே என்று மனைவி சொன்னாள். அவளுடைய அண்ணன் சொன்னார். டீக்கடைக்காரர், ஷேர் ஆட்டோ டிரைவர், என் அலுவலகத்தில் தண்ணீர் கேன் போடுகிறவர், எல்லோரும் சொன்னார்கள். மானியத்துக்கு அங்கேயும் ஒரு வரிசை இருக்கிறது என்று பதில் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் வேறு. அதை வெளியே சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்குக் காற்றாடியின் கீழே துண்டை விரித்துப் படுத்திருந்தேன். அவள் அப்பா எந்தக் காலத்திலோ ஏதோ திட்டத்தில் வைத்த இரும்புக் காற்றாடி. நான்கு ஆங்கிள் கால்கள், உச்சியில் பதினெட்டு இறக்கை கொண்ட சக்கரம், அதில் ஐந்து விழுந்துவிட்டிருந்தன. கால்களில் கோவைக்கொடி ஏறி, பாதிக்கு மேல் போகத் துணியாமல் நின்றிருந்தது. சக்கரம் துருவேறி இறுகிப்போயிருந்தது. ஆனாலும் கீழே படுத்து மேலே பார்த்தபோது, சக்கரம் நின்றது, மேகங்கள் நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் மேகங்கள் நின்றன, சக்கரம் நகர்ந்தது. பிறகு இரண்டும் நின்று நான் நகர ஆரம்பித்தேன், நிலத்தோடு, மல்லிச் செடிகளோடு, கிணற்றோடு, எங்கோ கிழக்கே, கடலைப் பார்த்து. அவ்வளவு சுகமாக நான் எந்த வாகனத்திலும் போனதில்லை. எழுந்தபோது சட்டை முழுக்க எறும்பு. இதை ஓடவைத்தே தீருவது என்று அந்த எறும்புகளைத் தட்டிக்கொண்டே முடிவு செய்தேன். ஒரு மனிதன் இதைக் காரணம் என்று வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு வெல்டிங் பட்டறை. நடத்துகிறவர் பழவேற்காட்டுக்காரர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் எல்லோரும் இறால், கருவாடு வியாபாரம். இவர் ஒருவர்தான் இரும்புக்கு வந்தவர். நிலத்துக்கு வந்து இறங்கியதும் என் முகத்தைப் பார்த்தார்.

"நாஷ்டா ஆச்சா சார்?"

"இன்னும் இல்ல பாய். மொதல்ல இதப் பாத்துடலாம்."

"துன்னுட்டு வாங்க. வெறும் வயித்துல மேல பாத்தீங்கன்னா தல கிர்ருனும். சக்கரந்தான் சுத்துதுன்னு நெனச்சிக்குவீங்க."

அவர் ஏறினார். நான் கீழே நின்று, முகத்தைச் சரியாகப் பாருங்கள், முகம்தான் முக்கியம் என்று உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்த முகம் என்று மேலிருந்து கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். இறங்கிவந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மல்லிக்காரம்மா காதில் விழாத தூரத்துக்கு என்னை அழைத்துப்போனார். பெரிய மனிதர்.

"சார், அது வாலு."

"வாலா?"

"காத்து அடிச்சா வாலு பின்னால பூடும். அப்ப சக்கரம் தன்னால காத்தப் பாத்து நிக்கும். மாடு இன்னா, வால வெச்சா மோப்பம் புடிக்கும்?"

தூரம் போதவில்லை. செடிகளுக்கு நடுவிலிருந்து மல்லிக்காரம்மாவின் சிரிப்பு வந்தது.

பல்சக்கரப் பெட்டியின் மூடிக்குள் மைனா கூடு வைத்திருந்தது. நான்கு குஞ்சுகள். அவை பறந்துபோகிறவரை அந்தப் பெட்டியைத் தொடமாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டார். ஆடிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. "அதுங்களுக்கு வேனு வரலியா?" என்று மல்லிக்காரம்மா தினமும் மேலே பார்த்துக் கேட்பாராம். கடைசிக் குஞ்சு பறந்த அன்று பாய்க்கு அவரே போன் போட்டுச் சொன்னார்.

பிறகு சக்கரத்தைக் கீழே இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமைகளில் மீஞ்சூரில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. டீ வரும், குடிப்பேன். தட்டையான தகடு ஒரு குழாயின் மேல் வளைந்து வளைந்து இறக்கையாகும். ஒன்று முடிந்ததும் அதைச் சுவரில் சாய்த்துவைப்பார்கள். மாலையில் உருக்காலைப் பக்கம் வானம் துருவின் நிறத்துக்கு மாறும்போது, சாய்ந்திருக்கும் இறக்கைகள் அந்த வெளிச்சத்தை வாங்கி ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும். ஷிப்டு முடிந்து வெளியே போகிறவர்களின் சைக்கிள், பைக், சாப்பாட்டுப் பை எல்லாம் ஒரு நொடி அந்தத் தகடுகளில் நீளமாக வளைந்து போகும். உலகமே கொஞ்சம் வளைந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும். வளைந்த பொருள் மேல்தானே காற்றுக்குப் பிடிமானம். இப்படி நல்ல நல்ல வாக்கியங்கள் தோன்றிக்கொண்டிருந்தபோது ரயிலை இரண்டு முறை தவறவிட்டேன்.

ரயில் கிடைத்த நாட்களிலும் நான் முழுதாக ரயிலில் இல்லை. பொன்னேரி தாண்டும்போது ஜன்னலில் காற்று வரும். கண்ணை மூடினால் சக்கரம் சுற்றும். தண்ணீர் விட்டு விட்டு விழும் சத்தம் கேட்கும். ஒருமுறை மீஞ்சூர் தாண்டி அத்திப்பட்டுவரை போய்விட்டேன். பட்டறையில் வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னேன்.

ஒருநாள், கோபுரத்தில் இடிக்காமல் சுற்றுமா என்று அளவு பார்ப்பதற்காக ஓர் இறக்கையை மட்டும் நிலத்துக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. ஷேர் ஆட்டோவில் அதை மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டேன். எதிரே ஒரு பெரியம்மா.

"இன்னா நைனா இது, மீன் செதிலாட்டம்?"

"காத்தாடியோட எறக்கைங்க."

"மீதி எங்க?"

"பட்டறைல கீது" என்று எனக்கே வராத பாஷையில் சொன்னேன். அவர் என் முகத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டிரைவரிடம், "பாத்து ஓட்டுப்பா, காத்து கீத்து அடிச்சா இவரு பறந்துரப் போறாரு" என்றார். ஆட்டோ முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சாலை வளைவில் தகடு மெல்ல ஒரு பக்கம் இழுத்தபோது, கொஞ்சம் நம்பினேன்.

ஆனி மாதக் கடைசி வாரம் எல்லாம் தயாரானது. பல்சக்கரம் எண்ணெயில் முழுகி உட்கார்ந்தது. கிணற்றுக்குள் பம்புக்குப் புதுத் தோல் வாஷர் போட்டாயிற்று. வால் முழுக்க அரித்துப்போயிருந்ததால் புதுத் தகட்டில் பெரிதாகச் செய்திருந்தார்கள். ஒன்றும் எழுதாத வெறும் தகடு.

இங்கேதான் நான் சறுக்கினேன். நம் ஊரில் வெறும் தகட்டைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. கோயில் டியூப்லைட்டைப் பாருங்கள். கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், உபயம் என்று எழுதி, வெளிச்சம் வர இரண்டு விரற்கடை இடம் விட்டிருப்பார்கள். நான் அதைப் பற்றி எத்தனையோ கேலி பேசியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், வாலில் மாமனார் பெயரை எழுதலாமே என்றேன். மனைவியின் கண் கலங்கியது. அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. லாரிக்கு எழுதுகிற பெயின்டர் ஒருவர் வந்து, நீலத்தில் மஞ்சள் எழுத்தாக, நிழல் வைத்து, மாமனார் பெயரையும் கீழே 'நினைவாக' என்பதையும் எழுதினார். இரண்டு ஓரத்திலும் ஒரு தாமரை. அதை நான் சொல்லவில்லை. லாரிப் பழக்கம்.

செயின் கப்பியில் சக்கரத்தை ஏற்றிப் பொருத்தி முடித்தபோது பிற்பகல். பாய் வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மட்டும் மேலே இருந்தார்கள். அப்போது மனைவியின் அண்ணன் அம்பத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். நிலத்துக்குக் கிழக்கே சாலை. அவர் சாலையிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ள, அப்பா பேரு தெரியலியே?"

வால் அந்த நேரம் சாலைப் பக்கமாக நீண்டு நின்றது. அவர் பார்த்த இடத்திலிருந்து தகட்டின் ஓரம்தான் தெரிந்திருக்கும். நான் மேலே இருந்தவர்களிடம் கத்தினேன். வாலைச் சாலைக்குப் பெயர் தெரிகிற மாதிரி குறுக்கே திருப்பி, ஒரு கட்டுக்கம்பியால் கோபுரத்தோடு இழுத்துக் கட்டச் சொன்னேன். போட்டோ எடுக்கிறவரைக்கும்தான். அவர்கள் கட்டினார்கள். அற்புதமாகக் கட்டினார்கள். மைத்துனர் காரோடு, கார் இல்லாமல், காரின் மேல் கைவைத்து என்று பல விதமாகப் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். கட்டைவிரல்களும் கைகூப்பல்களும் வந்துகொண்டே இருந்தன. நான் ரயிலில் அவற்றைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆட்களும் இறங்கிப் போய்விட்டார்கள். கம்பி மேலேயே இருந்தது.

அடுத்த நாள் மேற்கிலிருந்து நல்ல காற்று. மல்லிக்காரம்மா போன் செய்தார்.

"சார், காத்து அடிக்குது. உங்க காத்தாடி சும்மா கீது."

"புது பேரிங். பழகணும்" என்றேன். இந்த வாக்கியத்தை எந்தக் கோப்பில் படித்தேன் என்று தெரியவில்லை.

மறுநாளும் காற்று. மரமெல்லாம் ஆடுகிறது, காற்றாடி ஆடவில்லை. மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். சக்கரம் அதிர்ந்துகொண்டு நின்றது, புறப்படப் போகிற ஆள் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருப்பதைப்போல. மேலே ஒரு ரீங்காரம் கேட்டது. மெல்லிய, ஒரே சுருதியிலான ஒலி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரும்புக்குள் காற்று நுழைந்து தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது என்று நினைத்தேன். கீழே படுத்து வெகு நேரம் கேட்டேன். கண் சொருகியது. மாமனாரின் பெயர் நீல வானத்தில் மஞ்சளாக, அசையாமல், தெளிவாகத் தெரிந்தது. என்ன நேர்த்தியாக எழுதியிருக்கிறான் என்றுகூட ரசித்தேன். அந்த ரீங்காரம் கட்டுக்கம்பியின் ரீங்காரம் என்பது அந்தப் படித்த மண்டைக்குள் ஏறவில்லை.

கண் விழித்தபோது மல்லிக்காரம்மா குடத்தோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். நான் படுத்திருந்த இடத்தைச் சுற்றிப் போனார். சாலையோரத்து வரிசைச் செடிகளில் இலை மஞ்சளடித்திருந்தது. அவற்றுக்குத் தண்ணீர் போய்ச்சேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை பாய் வந்தார். பெட்டியைத் திறந்தார். எண்ணெயைப் பார்த்தார். கிணற்றில் இறங்கிப் பம்பைக் கழற்றி வாஷரைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அன்று பார்த்துக் காற்று சுத்தமாக இல்லாததால், வால் திரும்பாமல் நிற்பது அவர் கண்ணிலும் படவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினார், வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"பேஜாராக் கீது சார். எல்லாம் நல்லாத்தான் கீது. அப்பால ஏன் நிக்குது?"

அப்போது மல்லிக்காரம்மா வந்தார். கையில் ஒரு புது ஸ்டீல் டிபன் பாக்ஸ். அதன் மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கெழம ஆடி ஒண்ணு. வேன்காரன்கிட்ட சொல்ட்டேன் சார். ஏழு மணிக்கு வரான்."

"ஒரு வாரம் பாக்கலாமேம்மா."

"ஒரு வாரம் நான் பாப்பேன். செடி பாக்குமா?"

பாய் தலையைக் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கினார். எனக்குக் காற்றாடியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அன்று ரயிலில் கண்ணை மூடினேன். சக்கரம் வரவில்லை. மஞ்சள் இலைதான் வந்தது.

திங்கட்கிழமை முதல் ரயிலில் கும்மிடிப்பூண்டி போய், பாயின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நிலத்துக்குப் போனேன். அவரைக் கூப்பிட எனக்குக் காரணம் இல்லை. வர அவருக்கும் காரணம் இல்லை. மேற்கிலிருந்து ஆடிக் காற்று வந்துகொண்டிருந்தது. பனைமட்டைகள் சடசடத்தன. சாலையோரத்தில் மல்லிக்காரம்மா நல்ல புடவை கட்டி, டிபன் பாக்ஸோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவர் முதுகு நிலத்தைப் பார்த்திருந்தது.

பாய் கிணற்றருகே நின்று மேலே பார்த்தார். பிறகு பனைமரத்தைப் பார்த்தார். மறுபடியும் மேலே.

"சார். காத்து மேக்கால இருந்து வருது. வாலு ஏன் ரோட்டுக்குப் பேரக் காட்டிக்கினு குறுக்கால கீது?"

"பேரு தெரியணும்னு..." என்று தொடங்கினேன்.

"கட்டி வெச்சீங்களா?"

"போட்டோவுக்கு."

அவர் திட்டவில்லை. செருப்பைக் கழற்றினார். கட்டிங் பிளேயரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினார். உச்சிக்குப் போய், பெயருக்குப் பக்கத்தில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு கேட்டார்.

"உங்க மாமனாரு நல்ல மனுசரா சார்?"

"ரொம்ப நல்ல மனுஷர் பாய்."

"அப்ப அவரு நாலு பக்கமும் பாக்கட்டும், வுடுங்க."

டக் என்று ஒரு சத்தம். ரீங்காரம் அறுந்தது. வால் தூக்கம் கலைந்ததுபோல ஒரு கணம் யோசித்தது. பிறகு அப்படியே கிழக்கே சாய்ந்து திரும்பியது. மஞ்சள் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒடுங்கிக் கோடாகி மறைந்தன. சக்கரம் மேற்கைப் பார்த்தது. முதல் இறக்கை நகர்ந்தது, இரண்டாவது அதன் இடத்துக்கு வந்தது, பிறகு இறக்கைகளே இல்லை, வெள்ளியாக ஒரு வட்டம்தான் இருந்தது. அதன் நிழல் மல்லிச் செடிகள்மேல் விழுந்து, பூக்களை இருட்டி, வெளுத்து, இருட்டி, வெளுத்துப் போனது. பம்புக்கு இறங்கும் நீளமான கம்பி மேலும் கீழும் அசைந்தது. கிணற்றுக்குள் யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஓர் ஒலி. குழாய் வாயில் முதலில் காற்று, பிறகு துருநிறத்தில் ஒரு கொப்பளிப்பு, பிறகு ஒரு மடக்கு. நிறுத்தம். ஒரு மடக்கு. நிறுத்தம். தண்ணீர் அவசரமே படவில்லை. அது எப்போதும் வந்துகொண்டிருந்ததுபோலவும், நான்தான் இப்போது வந்து சேர்ந்ததுபோலவும் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. மேலிருந்து பாய் கத்தினார்.

"சார்! வேனு!"

வெள்ளை வேன் நின்றிருந்தது. மல்லிக்காரம்மா உள்ளே ஏறிக்கொண்டிருந்தார்.

நான் ஓடினேன். நான் ஓடிப் பல வருடங்கள் ஆகின்றன. பாத்திகளுக்குக் குறுக்கே, செடிகளைத் தாண்டி, ஒரு செருப்பு சேற்றில் போக, இன்னொன்றை நானே உதறிவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். "தண்ணி" என்று கத்துவதாக நினைத்தேன். மூச்சு வாங்கியதில் என்ன ஒலி வந்ததோ தெரியாது. வேன் கொஞ்சம் நகர்ந்து, நின்றது. கதவு திறந்தது. மல்லிக்காரம்மா இறங்கினார். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகக் கையை மட்டும் காட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். வேன் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

அவர் என்னைத் தாண்டி நடந்து போனார். குழாயடியில் நின்று, அடுத்த மடக்குக்குக் கையை நீட்டினார். அது கையில் விழுந்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு டிபன் பாக்ஸைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு, நல்ல புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துச் சாலையோர வரிசைக்கு வாய்க்காலைத் திறந்தார். தண்ணீர் தூசியை முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு செடியாக விசாரித்துக்கொண்டு போனது. மறுநாளும் வேன் வந்து ஹாரன் அடித்ததாகப் பாய் சொன்னார். மல்லிக்காரம்மா குனிந்த தலை நிமிரவில்லையாம்.

அந்தக் காட்சியை நான் ஆடி முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில், ஒரு கல்யாணப் பந்தியில், ரயிலில் முன்பின் தெரியாதவரிடம். சொல்லச் சொல்ல அது அழகாகிவந்தது. கம்பி கட்டிய பகுதி சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டத்தில் இல்லாமலே போனது. வேன் ஜன்னலில் அவர் முகம், அந்தக் கண்ணாடியில் சுழலும் சக்கரம், அதைக் கண்டு அவர் வண்டியை நிறுத்தச் சொல்வது என்று ஒரு வடிவம் கிடைத்தது. ஆவணி பிறந்து மனைவியை நிலத்துக்கு அழைத்துப்போனபோது, சுற்றும் சக்கரத்தின் கீழே நின்று, அந்த வடிவத்திலேயே அவளுக்கு மறுபடியும் சொன்னேன். தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் வேனைவிட்டு இறங்கிவிட்டார் என்று முடித்தேன்.

மல்லிக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். நாரைப் பல்லில் கடித்து இழுத்துவிட்டு, என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"தண்ணிய யாரு பாத்தது அக்கா? செருப்புகூட இல்லாம, ரெண்டு கையையும் தூக்கிக்கினு, வாயத் தொறந்துக்கினு சாரு ஓடியாந்தாரு. நீதான் செத்துகித்துப் பூட்டியோன்னு நெனச்சிக்கினு எறங்கிட்டேன். இன்னா ஏதுன்னு கேக்கறதுக்குள்ள வேன்காரன் கெளம்பிட்டான்."